பால் பத்தலை என்கிறீர்களா? முதலில் ஈரத்துணியை எண்ணுங்கள்

சேலம் சிவதாபுரம் பக்கமிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் போன மாதம் குழந்தையோடு வந்திருந்தார்கள். குழந்தைக்கு 75 நாள். பிறந்தபோது எடை 2.8 கிலோ. தராசில் போட்டால் 3.4 கிலோதான் காட்டியது. அந்த வயதுக்கு நாலரை கிலோவை நெருங்கியிருக்க வேண்டும். தொடையில் சதையே இல்லை, தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கண் மட்டும் பெரிதாக விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பவுடர் பால்தான் குடுக்கறோம் டாக்டரம்மா. ஒரு வேளைக்கு நூறு மில்லி குடிச்சிடறான். ஆனா தேறவே மாட்டேங்கறான்" என்றார் மாமியார்.

எப்படிக் கலக்குகிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். நூறு மில்லி வெந்நீருக்கு ஒரே ஒரு கரண்டி பவுடர். 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது, பொடி எழுத்தில். அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. "ஒரு டப்பா பதினஞ்சு நாளாச்சும் வரணுமில்லீங்களா?" என்றார். வீட்டிலேயே கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்துக் கூலி வாங்கும் குடும்பம். அந்தக் கேள்வியில் அலட்சியம் எதுவும் இல்லை, கணக்குதான் இருந்தது. அந்தக் கணக்கை முதலிலேயே யாராவது அவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

நான் போட்டுக் காட்டினேன். ஐந்து கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி பால் வேண்டும். அதற்கு 25 கரண்டி. ஒரு கரண்டி நாலரை கிராம் என்றால் நாளுக்கு 110 கிராமுக்கு மேல். 400 கிராம் டப்பா நாலு நாள்கூட வராது. மாதத்துக்கு எட்டு டப்பாவுக்குக் குறையாது. மருமகள் வாயைத் திறக்கவில்லை. மாமியார் விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "இது தெரிஞ்சிருந்தா மார்ல இருந்தத விட்டிருக்க மாட்டோமே" என்றார்.

எப்போது நிறுத்தினீர்கள் என்றேன். சிசேரியன் ஆன மூன்றாம் நாளே. குழந்தை ராத்திரி முழுக்க அழுதது. மருத்துவமனையிலேயே "பால் பத்தல" என்று சொல்லி டப்பா எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை, இது பல இடத்தில் நடக்கிறது. ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்வதும், தாய்க்கு இலவச டப்பா கொடுப்பதும், விற்பனைக்காக மருத்துவருக்கோ செவிலியருக்கோ பரிசு கொடுப்பதும் 1992-ஆம் வருடச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். டப்பா உங்கள் கைக்கு வந்தால், "என் குழந்தைக்கு இது எதற்கு வேண்டும்?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

அந்த மூன்றாம் நாள் ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் நாளில் குழந்தையின் வயிறு சின்ன நெல்லிக்காய் அளவுதான். ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் சீம்பால் போதும். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டு சொட்டாக வருவதைப் பார்த்துவிட்டு "பாலே இல்லை" என்று பீய்ச்சிக் கீழே ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்றாம் நாளில் குழந்தைக்குப் பசி கூடும், அடிக்கடி மார்பைத் தேடும். அந்தத் தேடல்தான் பாலை வரவழைக்கிறது. சிசேரியன் ஆனவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் தாமதமாகப் பால் கட்டும். சரியாக அந்த நேரத்தில் பாட்டில் உள்ளே வந்தால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும். மார்பைச் சப்ப ஆள் இல்லை, பால் ஊறுவதும் குறைகிறது. இரண்டு வாரம் கழித்து "பால் பத்தல" என்பது உண்மையாகவே ஆகிவிடுகிறது. சர்க்கரைத் தண்ணீர், சேனை, கழுதைப் பால் எல்லாம் செய்கிற வேலையும் இதேதான். தேன் இன்னும் மோசம். ஒரு வயதுக்குள் தேனை நாக்கில்கூடத் தொட்டு வைக்காதீர்கள். அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் நரம்பைச் செயலிழக்க வைக்கும்.

சரி, பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மார்பின் அளவைப் பார்த்துத் தெரியாது, பீய்ச்சிப் பார்த்தாலும் தெரியாது. அழுகையை வைத்தும் முடிவு செய்ய முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காரணமே இல்லாமல் அழும் குழந்தைகள் ஏராளம். மூன்றாவது வாரம், ஆறாவது வாரம் வாக்கில் மணிக்கு ஒரு தரம் பால் கேட்கும் குழந்தைகளும் உண்டு. நம்பக்கூடிய சாட்சி இரண்டுதான், ஈரத்துணியும் தராசும். ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும், அது வெளுப்பாக இருக்க வேண்டும். அதற்குள் கறுப்பு மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பிறந்ததும் எடை கொஞ்சம் இறங்கும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிடும். அப்புறம் முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் உங்களுக்குப் பால் போதும், பக்கத்து வீட்டில் யார் என்ன சொன்னாலும் சரி.

சரியாக இல்லையென்றால் முதலில் குழந்தை மார்பைக் கவ்வும் விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் குறை அங்கேதான் இருக்கிறது. குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் அம்மாவுக்கு உயிர் போகிற வலி, குழந்தைக்குப் பால் வராது. வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் அழுந்தி, காம்பைச் சுற்றியுள்ள கரும்பகுதியில் பெரும்பங்கு வாய்க்குள் போக வேண்டும். அப்போது "க்ளுக், க்ளுக்" என்று விழுங்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மாக்களின் தோள் தானாக இறங்குவதைப் பார்க்கலாம். எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த நிமிடம் அதுதான். இன்னொன்று, பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். தாகத்துக்கு வேண்டிய அளவு குடிக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகும் சிலருக்கு உண்மையிலேயே பால் போதாது. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனவர்கள், தைராய்டு கட்டுக்குள் வராதவர்கள், மார்பில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், மார்புத் திசுவே சரியாக வளராதவர்கள். புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் கொடுக்கவே கூடாது. குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் இருக்கும் சிசுக்களுக்கு நம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. மற்றவர்களுக்குப் பவுடர்தான் வழி. அதைக் கொடுக்கும் தாயை "நீயெல்லாம் ஒரு அம்மாவா" என்று கேட்கும் உறவுக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. குழந்தை பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டவள் அவள்.

பவுடர் கொடுப்பதென்றால் முழு அளவில் கொடுங்கள். முதலில் தண்ணீர், பிறகு பவுடர், கரண்டியைத் தலை தட்டிப் போட வேண்டும். பவுடரில் கிருமி அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் தண்ணீர் கொதித்து இறக்கி அரை மணிக்குள், நல்ல சூட்டில் இருக்கும்போதே கலந்து, பிறகு ஆற வைத்து, மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுவும் போதும், நன்றாகக் கொப்புளித்துக் கொதித்தால் சரி. கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குழந்தை மிச்சம் வைத்ததைக் கொட்டிவிட வேண்டும். காசு போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். ஒரு தடவை வயிற்றுப்போக்கு வந்தால் அதைவிட அதிகம் போகும். பவுடர் கட்டுப்படியாகவில்லை என்று மாட்டுப்பாலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது தீர்வு ஆகாது. ஒரு வயதுக்குள் அது ரத்தசோகையில் கொண்டு விடும்.

பாட்டிலைவிடச் சங்கு நல்லது. நம் சேலத்தில் தாய்மாமன் சீரில் வெள்ளிச் சங்கு வைக்காத வீடு குறைவு. அதை பீரோவுக்குள் பூட்டி வைத்துவிட்டு பிளாஸ்டிக் பாட்டில் வாங்குகிறோம். சங்கில் மூலை முடுக்கு இல்லை, கழுவுவது சுலபம், கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துவிடலாம். எவர்சில்வரில் பாலாடை என்று கேட்டாலும் கடையில் தருவார்கள்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கத்துப் பெண் ஒருத்தி போன காப்பி சீசனில் வந்தாள். மூன்று மாதக் குழந்தை, கொழுகொழுவென்று இருந்தது. "பழம் பறிக்கப் போகணுங்க. பவுடர் போட்டுடட்டுங்களா?" என்றாள். 2017-ல் வந்த 26 வார மகப்பேறு விடுப்பு காகிதத்தில் இருக்கிறது. தினக்கூலிக்குப் பழம் பறிக்கிறவளுக்கும், வீட்டில் உட்கார்ந்து சலங்கை பற்றவைக்கிறவளுக்கும் அது கைக்கு எட்டவில்லை. அதனால் நான் அவளிடம் "வேலைக்குப் போகாதே" என்று சொல்லவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடச் சொன்னேன். நாலைந்து முறை ஒன்றுமே வரவில்லை. அப்புறம் டம்ளரில் மெல்லிசாகப் பீறிட்டது. அவள் சிரித்துவிட்டாள். விடியற்காலையில் ஒரு டம்ளர் எடுத்து மூடி வைத்துவிட்டுப் போனாள். வெளியே வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும். மலைக்குளிரில் கவலையில்லை, சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அவ்வளவு நேரம் வைக்காதீர்கள். மதியத்துக்கு ஒரு வேளை பவுடர், சாயங்காலத்திலிருந்து விடியும்வரை மார்புதான். சீசன் முடிந்ததும் பவுடர் நின்றது.

சிவதாபுரத்துக் குழந்தைக்கு அம்மாவிடம் பால் மீண்டும் கொஞ்சம்தான் ஊறியது. முழு அளவில் கலந்த பவுடரும் சேர்ந்து, 12 நாளில் 420 கிராம் ஏறியிருந்தான். மாமியார் இப்போது கரண்டியைக் கத்தியால் தலை தட்டுகிறாராம்.

எடை பார்க்கக் காசு வேண்டாம். உங்கள் ஊர் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்ப்பார்கள். பவுடர் கொடுக்கிறவர்கள் வரும்போது டப்பாவையும், அதற்குள் இருக்கும் கரண்டியையும், வீட்டில் கலக்கும் பாட்டிலையும் கையோடு கொண்டு வாருங்கள்.