உங்கள் தோல் எவ்வளவு வெயில் தாங்கும்?

"எனக்கு வெயிலே ஒத்துக்காது" என்று சொல்பவரிடம் 'எவ்வளவு வெயில்?' என்று கேட்டால் முழிப்பார். தோல் மருத்துவர்கள் இதை ஒரு எண்ணாகவே சொல்லிவிடுவார்கள். மறுநாள் தோலில் லேசாகச் சிவப்பு தெரிவதற்குத் தேவையான மிகக் குறைந்த புற ஊதாக் கதிரின் அளவுதான் அந்த எண். எம்இடி (minimal erythema dose) என்பார்கள்.

பெரும்பாலும் வெயிலே பார்க்காத கீழ்முதுகில்தான் சோதனை. சின்னச் சின்ன சதுர ஓட்டைகள் உள்ள ஒரு மறைப்பை ஒட்டி, மற்ற இடத்தையெல்லாம் மூடிவிட்டு, புற ஊதா விளக்கைப் போடுகிறார்கள். முதல் ஓட்டைக்கு 100 ஜூல் என்றால் அடுத்ததற்கு 140, அப்புறம் 200, 280, 400 என்று ஏறிக்கொண்டே போகும் (எல்லாம் ஒரு சதுர மீட்டருக்கு, அதுவும் தோலைச் சிவக்க வைக்கும் திறனை வைத்துக் கணக்கிட்டது). 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதல் இரண்டு கட்டங்கள் பழைய தோலாகவே இருக்கும், மூன்றாவதில் விளிம்பு தெரியும்படி ஒரு மெல்லிய சிவப்புச் சதுரம். சரி, இவருடைய எம்இடி 200.

ஏன் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்? ஏனென்றால் இது சூட்டால் வருவதில்லை. புற ஊதாக் கதிர் மேல்தோல் செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்க, அந்த செல்கள் அழற்சி வேதிப்பொருட்களை வெளிவிட, ரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சிவக்க, மணிக்கணக்காகிறது. குளிர்ந்த காற்றில் சுகமாக நின்றவரின் தோல் இரவில் எரிவதும் இதனால்தான்.

வெயிலில் புற ஊதாக் கதிர் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று சொல்லும் புற ஊதாக் குறியீடு 8 இருக்கும் நேரத்தில், எம்இடி 300 உள்ளவருக்கு அந்த 300 ஜூல் சேர 25 நிமிடம் போதும். சன்ஸ்கிரீன் மேல் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண்ணும் இதே சோதனையிலிருந்து வருவதுதான்: கிரீம் பூசிய தோலின் எம்இடியை, பூசாத தோலின் எம்இடியால் வகுத்தது.

1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற மருத்துவர் 'எளிதில் சிவக்குமா, கருக்குமா?' என்று கேட்டே தோலை வகை பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். வசதியானதுதான், ஆனால் ஒரே வகைக்குள் வரும் இருவரின் எம்இடி நிறையவே வேறுபடும் என்பதால் நான் அதை அதிகம் நம்புவதில்லை. கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பது இன்னொரு சிக்கல். அங்கே தோலிலிருந்து திரும்பும் ஒளியை அளக்கும் கருவி உதவும்.

எண் கிடைத்துவிட்டது என்று அதையே பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாது. முதுகைவிடக் கால் கூடுதலாகத் தாங்கும், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடும் நாட்களில் அதே தோல் குறைந்த வெயிலிலேயே சிவந்துவிடும்.