ரெஃபரன்ஸ் மென்பொருளின் உள்ளே என்ன நடக்கிறது?

பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருக்கும் ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்தில் ரெஃபரன்ஸ் மென்பொருள் (கட்டுரையில் மேற்கோள் காட்டும் நூல்களின் விவரங்களைச் சேமித்து, பட்டியலாக்கித் தருவது) எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சு வந்தால், "நம்ம ஜர்னல் கேட்கிற ஸ்டைல், அதாவது மேற்கோள் எழுதும் முறை, இதில் இருக்கா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகை மென்பொருள்களான ஜோட்டெரோ, மெண்டலே இரண்டுமே சிஎஸ்எல் என்ற பொது வடிவில் எழுதப்பட்ட ஸ்டைல் கோப்புகளைத்தான் பயன்படுத்துகின்றன. அப்படி 10,000க்கும் மேற்பட்டவை இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரும் ஆண்டும் போடும் ஏபிஏ ஸ்டைலிலிருந்து எண் போடும் வான்கூவர் ஸ்டைலுக்கு மாறுவது ஒரு கிளிக் வேலை.

பார்க்க வேண்டியது அந்த ஸ்டைலுக்கு அடியில் இருக்கும் தகவலை. ஒரு கட்டுரைக்கே உரிய நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைக் கொடுத்ததும் எல்லாம் தானாக நிரம்புகிறதே, எப்படி? டிஓஐ எப்போதும் 10. என்றுதான் தொடங்கும், அடுத்து வருவது அதைப் பதிவு செய்தவருக்கான எண் (நேச்சர் இதழ் என்றால் 10.1038), சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது அந்தக் குறிப்பிட்ட கட்டுரை. மென்பொருள் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு பெரும்பாலும் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பிடம் கேட்கிறது. 2000இல் பதிப்பகங்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. பதிப்பகம் அங்கே என்ன பதிந்து வைத்ததோ அதுதான் உங்களுக்கு வரும், பிழை இருந்தால் பிழையோடு.

நம் பெயர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்தப் பதிவில் ஆசிரியர் பெயருக்குக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. உதாரணத்துக்கு, மீனாட்சி கே என்று எழுதும் ஒருவரின் கட்டுரையில் கடைசியில் நிற்கும் இனிஷியல் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும், ஏபிஏ ஸ்டைல் அதை அப்படியே நம்பி (கே, 2019) என்று அச்சடிக்கும். ஸ்டைலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜோட்டெரோவில் பெயருக்குப் பக்கத்திலேயே, இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கும் சின்னப் பொத்தான் உண்டு. எந்த மென்பொருளைச் சோதித்தாலும் இப்படி நான்கைந்து தமிழ்ப் பெயர்களைப் போட்டுப் பாருங்கள், விளம்பரத்தில் வராத விஷயமெல்லாம் அப்போது தெரியும்.

அப்புறம், வேர்டு கோப்பு. கண்ணுக்குத் தெரிவது அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் ஆண்டும், அல்லது ஒரு எண், அவ்வளவுதான், ஆனால் ஜோட்டெரோ அதற்கு அடியில் அந்த நூலின் முழு விவரத்தையும் மறைவான குறியீடாக வைத்திருக்கிறது. அதனால்தான் நடுவில் ஒரு ரெஃபரன்ஸைச் சேர்த்தால் எண்களெல்லாம் தானாக மாறுகின்றன. ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு அந்தப் பத்தியை மின்னஞ்சலில் ஒட்டித் திருத்தி, திரும்ப வேர்டில் ஒட்டினால் அந்தக் குறியீடு போய்விடும், மிஞ்சுவது வெறும் எழுத்து.

சரி, நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தால்? 2013இல் எல்செவியர் என்ற பெரிய பதிப்பகம் மெண்டலேயை வாங்கியது. 2018இல் அதன் டெஸ்க்டாப் பதிப்பு, பயனரின் சொந்தக் கணினியில் இருந்த தரவுத்தளத்தையே குறியாக்கம் செய்துவிட்டது. அதை நேரடியாகப் படித்து ஜோட்டெரோவுக்கு எடுத்துப்போகும் வழி அடைபட்டது. பிறகு ஜோட்டெரோ தரப்பினர் இணையம் வழியாக மாற்ற வேறு வழி செய்தார்கள் என்றாலும், நம் தரவின் சாவி இன்னொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும். ஜோட்டெரோ திறந்த மூல மென்பொருள், தரவு எஸ்க்யூலைட் என்ற, யாரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரணத் தரவுத்தளக் கோப்பாக உங்கள் வட்டில் இருக்கும். சின்ன இடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அதிலும் இரண்டு சங்கடங்கள் உண்டு. எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாமே என்று அந்தத் தரவுக் கோப்புறையை டிராப்பாக்ஸிலோ கூகுள் டிரைவிலோ வைக்கக் கூடாது, ஒரே நேரத்தில் இரண்டு கணினிகள் எழுதினால் கோப்பு கெட்டுப்போகும். பகிர்வதற்குக் குழு நூலகம் என்று தனி வசதி இருக்கிறது. பதிவுகளுக்கு அளவு வரம்பு இல்லை, ஆனால் பிடிஎஃப்களுக்கு இலவச இடம் 300 எம்பிதான், அதுவும் குழுவைத் தொடங்கியவர் கணக்கில் கழியும். ஸ்கேன் செய்த பழைய நூல்கள் நாலைந்து ஏறினாலே நிறைந்துவிடும். எனவே குழுவை ஒரு ஆய்வு மாணவர் பெயரில் தொடங்காமல், நிறுவனத்துக்கென்று ஒரு பொதுக் கணக்கு திறந்து தொடங்குங்கள். மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.