லீனியர் பவர் சப்ளை: 'நேர்' அல்ல, 'நேரியல்'

சொந்தமாக ஹெட்போன் ஆம்ப் கட்ட உட்காருகிறவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை, "லீனியர் சப்ளை போடுங்க, எஸ்எம்பிஎஸ் வேண்டாம்" என்பதுதான். (எஸ்எம்பிஎஸ் என்பது ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை, செல்போன் சார்ஜரில் இருக்கும் வகை.) இதைச் சிலர் 'நேர் மின்வழங்கி' என்று தமிழாக்குகிறார்கள். அது தவறு. மின்னியலில் 'நேர்' ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது: நேர்மின்வாய் என்றால் பாசிட்டிவ், நேர்மின்னோட்டம் என்றால் டிசி. மலிவு எஸ்எம்பிஎஸ் அடாப்டர் தருவதும் நேர்மின்னோட்டம்தானே!

லத்தீனில் 'லீனும்' என்பது ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. பிறகு அதுவே கோட்டுக்கும் பெயரானது. சுவர் கோணாமல் வர நம் கொத்தனார் நூல் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சப்ளையில் கோடு எங்கே வந்தது? மின்சாரம் போகும் வழியில் நிற்கும் டிரான்சிஸ்டரில். அது முழுக்கத் திறக்காது, முழுக்க மூடாது. குழாயைப் பாதி திருகி வைத்தாற்போல, தேவைக்கு ஏற்ப விட்டுப் பிடிக்கும். உள்ளே கொடுப்பதற்கு ஏற்ப வெளியே விடுவதும் மாறும், வரைந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரு நேர்கோடு. அந்த இயக்க நிலைக்குத்தான் லீனியர் என்று பெயர். எஸ்எம்பிஎஸ்ஸில் டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடுகிறது. வடிகட்டல் சரியில்லாவிட்டால் அந்தத் துடிப்பு ஆம்புக்குள் இரைச்சலாக நுழையும். நன்றாகச் செய்த எஸ்எம்பிஎஸ் அமைதியாகவே இருக்கும், மலிவானவற்றில்தான் பயம்.

பள்ளிக்கணக்கில் 'நேரியல் சமன்பாடு' படித்தோமே, அந்த 'நேரியல்' இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆகவே நேரியல் மின்வழங்கி.

டேப்ரெக்கார்டர் காலத்து 'எலிமினேட்டர்' இதன் உறவுக்காரர்தான். பேட்டரியை ஒழித்ததால் அந்தப் பெயர். உள்ளே மின்மாற்றி, டையோடு, மின்தேக்கி. பலவற்றில் சீராக்கி, அதாவது மேலே சொன்ன டிரான்சிஸ்டர் வேலையைச் செய்து வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர், கிடையாது. 12 வோல்ட் என்று எழுதியிருக்கும், சும்மா வைத்து மீட்டரில் பார்த்தால் 16, 17 காட்டும். சீராக்கி இல்லாததை நேரியல் என்பது பழக்கத்தால்தான். வாங்கும்போது இதைக் கேட்டுவிடுங்கள்.

செலவு பெரிதில்லை. 12 வோல்ட் தரும் 7812 சீராக்கி போதும், ஆனால் மின்மாற்றியில் கஞ்சத்தனம் கூடாது. 12 வோல்ட் மின்மாற்றியை பிரிட்ஜில் (நான்கு டையோடு) டிசியாகத் திருத்தினால் ஏறக்குறைய 15.5 வோல்ட் வரும். 7812 ஒழுங்காக வேலை செய்ய 14.5 வேண்டும். சாயங்காலம் வீட்டு மின்சாரம் 230-இலிருந்து 200-க்கு இறங்கினால் அந்த 15.5, 13.5 பக்கம் வந்துவிடும், உறுமல் கேட்கும். 15 வோல்ட் மின்மாற்றி எடுத்தால் ஏறக்குறைய 20 வரும். மிச்சம் 8 வோல்ட், 100 மில்லிஆம்பியரில் 0.8 வாட் சூடாகப் போகும். ஒரு சின்ன ஹீட்சிங்க் தாங்கிவிடும்.

+12, −12 இரண்டும் வேண்டுமென்றால் 15-0-15 மின்மாற்றியோடு +12-க்கு 7812, −12-க்கு 7912. 230 வோல்ட்டில் கை வைக்கத் தயங்குகிறவர்களுக்கு ஏசி அவுட்புட் அடாப்டர் நல்லது. 2011-இல் வெளியான ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப் அப்படித்தான்: ஒரே ஏசி அடாப்டரிலிருந்து அரையலையாகத் திருத்தி (அலையின் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக) இரண்டு வோல்டேஜையும் எடுத்துக்கொள்கிறது.

இரைச்சல் வேறு, உறுமல் வேறு. என் முதல் ஆம்பில் எல்லாம் சரியாக இருந்தும் இடது காதில் மட்டும் உறுமல். மின்தேக்கியை இரண்டு முறை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் மின்மாற்றியின் திருகைக் கழற்றி, போர்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். காதில் சத்தம் அப்படியே அடங்கியது.