வாபிள்: குரல் தளும்பல்

உச்சக் காலத்தைக் கடந்துவிட்ட ஓபராப் பாடகர் ஒருவரின் மேடைப் பதிவைப் பற்றி யார் பேசினாலும், 'வாபிள்' (wobble) என்ற ஆங்கிலச் சொல் எங்காவது ஓரிடத்தில் தலைகாட்டிவிடும். தமிழில் எழுதும்போது அதைக் 'குரல் நடுக்கம்' என்று ஆக்கிவிட்டு மேலே செல்வது எளிது. ஆனால் அந்த ஆக்கம் இரண்டு வகையில் பிசகுகிறது. நடுக்கம் விரைவானது, வாபிளோ மெதுவானது. நடுக்கம் என்றதும் முதுமையோ குளிரோ அச்சமோ நினைவுக்கு வருகிறது, வாபிளுக்கு அவற்றில் எதுவும் கட்டாயமில்லை.

நீட்டிப் பிடித்த ஒரு சுரம், தான் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல், அதற்கு மேலும் கீழுமாக, பாடுபவர் விரும்பாமலேயே, காதுக்குத் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு மெதுவாகவும் அகலமாகவும் அசைவதற்கே வாபிள் என்று பெயர். இதில் 'விரும்பாமலேயே' என்பது முக்கியமான சொல். விரும்பி அசைப்பது வேறு கலை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஆங்கிலத்துக்கு இச்சொல் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. தள்ளாடி அசைவதைக் குறிக்கும் கீழ்ஜெர்மானிய வினையான 'வாபெல்ன்' என்பதிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது அகராதியாளர்களின் கருத்து. சரியாக முடுக்கப்படாத சக்கரம், கால் ஒன்று குட்டையான மேசை, சுழற்சி ஓயப்போகும் பம்பரம் ஆகியவற்றைச் சொல்லவும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். இசைக்கென்று பிறந்த கலைச்சொல் அல்லாத, பட்டறையிலிருந்து மேடைக்கு வந்த சொல் இது. அதனால்தான் அதில் கொஞ்சம் ஏளனமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓபராவின் தாய்மொழியான இத்தாலியத்தில் இதே குறையைச் சொல்ல 'குரல் ஆடுகிறது' என்கிறார்கள். நடனமாடுவதைக் குறிக்கும் வினையே அங்கே பயன்படுகிறது. இத்தாலியர் ஆட்டத்தைப் பார்த்த இடத்தில் ஆங்கிலேயர் கழன்ற சக்கரத்தைப் பார்த்தார்கள்.

வாபிளைப் புரிந்துகொள்ள அதன் உடன்பிறப்புகள் இரண்டையும் பார்க்க வேண்டும். முதலாவது விப்ராட்டோ. ஈட்டியைச் சுழற்றி அசைப்பதற்கும் குலுக்குவதற்கும் இலத்தீனத்தில் வழங்கிய 'விப்ராரே' என்ற வினையிலிருந்து வந்த இத்தாலியச் சொல் அது. பயிற்சி பெற்ற மேற்கத்தியக் குரல் ஒரு சுரத்தை நீட்டும்போது, அது இயல்பாகவே நொடிக்கு 5 முதல் 7 முறை மேலும் கீழும் அசையும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ல் சீஷோர் தம் குழுவினருடன் பெரும்பாடகர்களின் இசைத்தட்டுகளை அளந்து பார்த்தபோது, நல்ல விப்ராட்டோவின் மொத்த அகலம் ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் என்று கண்டார்கள். அரைச்சுரம் என்பது பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட தொலைவு, அது சிறியது அன்று; ஆனாலும் அசைவு அவ்வளவு விரைவாக நடப்பதால் காது அதை இரண்டு சுரங்களாகக் கேட்பதில்லை, நடுவிலிருக்கும் ஒரே சுரமாகவும் அந்தச் சுரத்தின் மேல் படர்ந்த ஒரு மினுமினுப்பாகவும் கேட்கிறது. இரண்டாவது திரெமோலோ. நடுங்குவதைக் குறிக்கும் இலத்தீன வேரிலிருந்து வந்த இச்சொல்லுக்கு வாத்திய இசையில் வேறு பொருளும் உண்டு. குரலைப் பற்றிப் பேசும்போது, அசைவு நொடிக்கு 7ஐத் தாண்டி விரைந்து, ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஒலிப்பதைக் குறிக்கிறது. மூன்றாவதுதான் வாபிள். அசைவு நொடிக்கு 5க்குக் கீழே இறங்கி, 3, 4 என்று தளர்ந்து, அகலமோ ஒரு முழுச்சுரத்தை எட்டும்போது, காது இனி அதை ஒரே சுரமாகச் சேர்த்துக் கேட்க மறுத்துவிடுகிறது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பாடகர் ஒரு சுரத்தை நீட்டும்போது அதன் அசைவுக்கேற்ப மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். விரல் உடன்போக முடியாமல் பின்தங்கினால் அது விப்ராட்டோ. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு தட்டு என்று நிதானமாக எண்ண முடிந்தால் அது வாபிள்.

ஏன் வருகிறது? ஓபராப் பாடகர் ஒலிவாங்கி இல்லாமல் ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்டி, அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாட வேண்டும். வெளியேறும் மூச்சின் அழுத்தத்தையும், அதை எதிர்கொள்ளும் குரல்நாண்களின் இறுக்கத்தையும் சமநிலையில் வைத்திருப்பதே அந்தக் கலையின் அடிப்படை. இத்தாலிய ஆசிரியர்கள் இதற்குச் 'சாய்ந்து தாங்குதல்' என்ற பொருள்படும் 'அப்போஜோ' என்ற சொல்லை வழங்குகிறார்கள். விலாவுக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட தசைகள் தளர்ந்தாலோ, குரல்வளையின் குருத்தெலும்புகள் கெட்டிப்பட்டாலோ, குரலின் எடைக்கு மிஞ்சிய பாத்திரங்களை இளமையிலேயே சுமந்திருந்தாலோ அந்தச் சமநிலை குலைகிறது. வயதாக ஆக அசைவின் வேகம் குறைவதும் அகலம் கூடுவதும் பொதுப்போக்குதான். ஆனால் வயது இதற்கு ஒரு காரணமே தவிர, இதன் பொருள் அன்று.

புகழ்பெற்ற ஓபராப் பாடகி மரியா காலஸின் பதிவுகளே இதற்குச் சான்று. மிலான் நகரின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் 1954 ஆகஸ்ட்டில் அவர் வெர்டியின் 'லா ஃபோர்ட்சா தெல் தெஸ்தீனோ' ஓபராவைப் பதிவுசெய்தபோது அவருக்கு வயது 30. அந்தப் பதிவிலேயே உயரச் சுரங்கள் தளர்ந்து அசைவதைக் கேட்டுத் தயாரிப்பாளர் வால்டர் லெக், இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கத்தோடும் கடல்குமட்டலுக்கான மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவரிடம் சொன்னதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இரக்கமற்ற கேலிதான்; ஆனால் வாபிளின் தன்மையை இதைவிடச் சரியாகச் சொன்ன உவமையை நான் பார்த்ததில்லை. படகின் அடியில் அலை நிற்காமல் எழுந்து தாழும்போது வயிறு படும் பாட்டைத்தான் வாபிளைக் கேட்கும் காதும் படுகிறது.

காலஸ் தம் கடைசி ஓபராவை 1965 ஜூலை 5 அன்று லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் பாடினார். அது பூச்சினியின் 'தோஸ்கா'. எட்டாண்டு இடைவெளிக்குப் பின், 1973 அக்டோபர் 25 அன்று ஹாம்பர்க் நகரில், தம் பழைய மேடைத் துணைவரான ஜுசெப்பே தி ஸ்டெஃபனோவுடன் சேர்ந்து, வாத்தியக் குழு இல்லாமல் பியானோவை மட்டும் துணைகொண்டு, நாடு நாடாகச் சென்று பாடத் தொடங்கினார். லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அவர்கள் பாடிய இரண்டாவது இரவான டிசம்பர் 2, அவருடைய 50ஆம் பிறந்தநாள். பயணம் 1974 நவம்பர் 11 அன்று ஜப்பானின் சப்போரோவில் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் மக்கள் முன் பாடவில்லை. இந்தப் பயணத்தின் லண்டன், டோக்கியோ நிகழ்ச்சிகள் படமாகவும் ஒலியாகவும் கிடைக்கின்றன. இடை, கீழ்ச் சுரங்களில் பழைய நிறம் அப்படியே இருக்கிறது, சொற்களைக் கூர்மையாகச் சொல்லும் திறனும் குறையவில்லை. உரத்துப் பாட வேண்டிய மேல்சுரம் நெருங்கும்போதுதான் குரல் இரண்டு கரைகளுக்கு நடுவே அலைகிறது.

இவ்வகைப் பதிவுகளில் வாபிள் ஏன் இத்தனை துலக்கமாகக் கேட்கிறது என்பதற்கும் விடை அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. பதிவுக்கூடத்தில் ஒரு சுரம் பிசகினால் மறுபடி பாடி, நாடாவை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். மேடையில் அது முடியாது. அறுபது எழுபது வாத்தியங்கள் சூழ இருந்தால் அவற்றின் வில்லசைவும் விப்ராட்டோவும் குரலின் ஆட்டத்தை ஓரளவு மூடிவிடும். பியானோவின் சுரமோ, தட்டியபின் அசையாமல் நேர்கோடாக நின்று தேய்வது. பக்கத்தில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல, எவ்வளவு சாய்வு என்பது அப்போது பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

காலஸுக்கு எதிர்ப்புறத்தில் அவருக்கு முந்தைய தலைமுறையின் ஆஸ்திரேலிய ஓபராப் பாடகி நெல்லி மெல்பாவை வைக்கலாம். 1926 ஜூன் 8 அன்று கோவென்ட் கார்டனில் அவர் விடைபெற்ற நிகழ்ச்சியின் சில பகுதிகளை எச்எம்வி நிறுவனம், அப்போது புதிதாக வந்திருந்த மின்வழிப் பதிவுமுறையில், அரங்கிலிருந்தே பதிவுசெய்தது. மெல்பாவுக்கு அப்போது வயது 65. வெர்டியின் 'ஒதெல்லோ'விலிருந்தும் பூச்சினியின் 'லா போயெம்'மிலிருந்தும் அவர் பாடிய பகுதிகளில் குரல் மெலிந்திருக்கிறது, மூச்சு குறுகியிருக்கிறது. ஆனால் சுரம் அசையவில்லை. நூல் பிடித்ததுபோல் நேராக நிற்கிறது. அதே இரவில் அவர் ஆற்றிய விடைபெறும் உரையும் பதிவாகியிருக்கிறது. பாடும்போது ஆடாத அந்தக் குரல், பேசும்போது கண்ணீரில் தழுதழுக்கிறது.

தழுதழுப்பு என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். அது வாபிள் அன்று. உணர்ச்சி தொண்டையை அடைப்பதால் வருவது தழுதழுப்பு. தசையின் தளர்ச்சியால் வருவது வாபிள். இந்த வேறுபாட்டை ஒரே பதிவில் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஜெர்மனியில் பிறந்த பாடகி லோட்டே லேமனின் 1951 பிப்ரவரி 16 நிகழ்ச்சியை நான் பரிந்துரைப்பேன். நியூயார்க் டவுன் ஹாலில், 63 வயதை எட்டச் சில நாள்களே இருந்த லேமன், யாரும் எதிர்பாராத வகையில் நிகழ்ச்சியின் நடுவே, இதுவே தம் பிரியாவிடை என்று அறிவித்தார். கடைசிப் பாட்டு, இசைக்கலைக்கு நன்றி சொல்லும் ஷூபர்ட்டின் 'அன் டி மியூசிக்'. அதன் இறுதி அடியை எட்டியபோது அவரால் பாட முடியவில்லை. நன்றி சொல்லும் சொற்கள் வரவேண்டிய இடத்தில் குரலே இல்லை, பியானோக் கலைஞர் பால் உலனோவ்ஸ்கி மட்டும் தனியே வாசித்து முடிக்கிறார். அந்த மௌனத்தை வயது தந்த குறையாகக் கணக்கிடுகிற விமரிசகர், சொல்லின் பொருளை மட்டுமன்று, நிகழ்ச்சியையே தவறவிடுகிறார்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'அதிர்வு' பொருந்தாது. ஒலி என்பதே அதிர்வுதான்; ஆடாத குரலும் அதிர்ந்தால்தான் கேட்கும். 'நடுக்கம்' திரெமோலோவுக்குப் பொருத்தமானது, அதற்கே விட்டுவிடலாம். 'கம்பிதம்' என்ற சொல்லைச் சிலர் நினைக்கக்கூடும். 'பூகம்ப'த்திலுள்ள அதே வடமொழி வேர்தான் அது. ஆனால் கர்நாடக இசையில் கம்பிதம் ஒரு கமகம், அதாவது பாடுகிறவர் அறிந்து, விரும்பி, இராகத்தின் இலக்கணப்படி செய்யும் அசைவு. தோடி இராகத்தின் காந்தார சுரத்தை அசைக்காமல் நிறுத்தினால் அது தோடியாகாது. ஒருவர் பழகிச் செய்யும் அழகுக்கு வைத்த பெயரை இன்னொருவர் அடக்க முயன்றும் அடங்காத குறைக்கு வைப்பது, இரண்டு மரபுகளுக்கும் செய்யும் அநீதி.

பட்டறைச் சொல்லுக்குப் பட்டறைச் சொல்லே தேடினால், சைக்கிள் கடைகளில் 'கோட்டம்' இருக்கிறது. சக்கரம் வளைந்து ஆடும்போது கம்பிகளை முடுக்கி நேராக்குவதைக் 'கோட்டம் எடுப்பது' என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். இருந்தும் கைவிட வேண்டியதாயிற்று. கோட்டம் என்பது சக்கரத்தில் நிலையாகப் படிந்துவிட்ட வளைவு. அதனால் விளையும் ஆட்டத்துக்கு அது பெயராகாது.

எஞ்சுவது 'தளும்பல்'. குடத்தைச் சுமந்து நடக்கும்போது அதிலுள்ள நீர் இப்பக்கமும் அப்பக்கமும் மெதுவாக எழுந்து தாழ்வதைச் சொல்லும் சொல் இது. வேகமும் அகலமும் வாபிளுக்கு அச்சாகப் பொருந்துகின்றன. விரும்பாமல் நிகழ்வது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. லெக் சொன்ன கடல்குமட்டலும் தொலைவில் இல்லை. 'நிறைகுடம் தளும்பாது' என்ற பழமொழியோ இதன் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது, ஏனெனில் மூச்சு நிறைந்து தாங்கும் குரல் ஆடுவதில்லை, மூச்சு குறைந்து போகும் இடத்தில்தான் ஆட்டம் தொடங்குகிறது. இதே சொல்லின் மறுவடிவமான 'தளம்பல்', இலங்கைத் தமிழில் 'விலைத் தளம்பல்' என்பதுபோல ஏற்ற இறக்கத்தைக் குறிக்க ஏற்கெனவே வழங்குகிறது. ஆகவே வாபிளைக் 'குரல் தளும்பல்' என்றும், பள்ளி இயற்பியலில் பழகிய சொல்லைக் கொண்டே விப்ராட்டோவைக் 'குரல் அலைவு' என்றும், திரெமோலோவைக் 'குரல் நடுக்கம்' என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. அலைவு நலம், அது விரைந்தால் நடுக்கம், தளர்ந்தால் தளும்பல்.

இச்சொல்லைப் பயன்படுத்தும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மேடைப் பதிவுகளில் பல, யாரோ ஓர் இரசிகர் எளிய கருவியில் பிடித்து, படியெடுத்துப் படியெடுத்துக் கைமாறியவை. நாடா சீராக ஓடாவிட்டாலும், இசைத்தட்டின் துளை நடுமையத்திலிருந்து சற்றே விலகியிருந்தாலும், சுரம் ஏறி இறங்கும். தட்டின் குறையைக் கண்டுபிடிப்பது எளிது: நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டில் அந்த ஆட்டம் நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேலாகவும், 33⅓ முறை சுழலும் தட்டில் ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒன்றாகவும் வரும், எந்தப் பாடகரின் குரலும் அவ்வளவு மெதுவாகத் தளும்புவதில்லை. நாடாவின் ஆட்டத்துக்கு இப்படி ஒரே கணக்கு இல்லை என்பதால், அங்கே பியானோவைத்தான் கேட்க வேண்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தனித்து ஒலிக்கும் பியானோச் சுரமும் ஆடினால், தளும்புவது குரல் அன்று, பொறி.