66 டிகிரியில் ஊறும் மால்ட்

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் வீட்டிலேயே பீர் தயாரிக்கத் தொடங்கவிருக்கிறார். செய்முறைகளெல்லாம் மால்ட்டை 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கச் சொல்கின்றனவே, நேரடியாகக் கொதிக்கவைத்தால் வேலை சீக்கிரம் முடியாதா என்று கேட்டிருக்கிறார். பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டிலோ உரிமமின்றித் தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதை இங்குள்ளவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஈஸ்ட் சர்க்கரையை உண்டு எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் பீரின் மூலப்பொருளான பார்லியில் பெருமளவு இருப்பது மாவுச்சத்து. அதை பீர் ஈஸ்ட்டால் உண்ண முடியாது. விதை முளைக்கும்போது தன் சேமிப்பைக் கரைத்துச் சர்க்கரையாக்க நொதிகளைத் தயார் செய்கிறது. முளைவிட்ட பார்லியை, அந்த நொதிகள் கெடாத அளவு மிதமான சூட்டில் உலர்த்தி எடுப்பதே மால்ட். முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி இறுகாமல் நீர்க்க இருப்பதற்கும் இதே நொதிகள்தான் காரணம்.

மால்ட்டில் முக்கியமானவை இரண்டு: ஆல்ஃபா அமைலேஸ், பீட்டா அமைலேஸ். மாவுச்சத்து என்பது நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சரம். பீட்டா அமைலேஸ், மல்லிகைச் சரத்தின் நுனியிலிருந்து இரண்டிரண்டு பூவாக உருவுவதுபோல, இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸைக் கழற்றிக்கொண்டே போகும். ஆல்ஃபா அமைலேஸோ சரத்தை நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். ஒவ்வொரு வெட்டும் புதிய நுனியைத் தருவதால், பீட்டாவுக்கு வேலை செய்யக் கூடுதல் இடங்கள் கிடைக்கின்றன. பார்லியின் மாவுச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கிளைவிட்ட அமைலோபெக்டின். அதன் கிளைமுடிச்சுகளை இவ்விரண்டுமே அவிழ்க்க முடியாது. அப்படி மிஞ்சும் துண்டுகளே டெக்ஸ்ட்ரின்கள். ஈஸ்ட் அவற்றைத் தொடாது என்பதால் அவை பீரிலேயே தங்கி அதற்குக் கனம் தருகின்றன.

வெப்பநிலையின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. பார்லியின் மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி, கூழாகி, நொதிகளுக்கு இடங்கொடுக்க 60 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். பீட்டா அமைலேஸோ 65 டிகிரியைத் தாண்டியதுமே மெல்ல மெல்லச் சிதையத் தொடங்கிவிடும். ஆல்ஃபா 70 வரை சுறுசுறுப்பாக இருக்கும். மாவுச்சத்து அவிழ்வதற்கும் அதை உருவும் நொதி அழிவதற்கும் இடைப்பட்ட சில டிகிரிகளில்தான் உலகின் பெரும்பாலான பீர் உருவாகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கொதிக்கவைத்தால் இரண்டு நொதிகளும் அழிந்து, கிடைப்பது வெறும் பார்லிக் கஞ்சிதான்.

இந்த மாற்றத்தை அடுப்படியிலேயே பார்க்கலாம். ஊறலிலிருந்து உமி இல்லாத தெளிநீரை வெள்ளைத் தட்டில் சொட்டவிட்டு, ஆறியதும் ஒரு துளி அயோடின் சேருங்கள். தொடக்கத்தில் கருநீலம் தோன்றும். சரங்கள் சிறுத்துக்கொண்டே போகையில் அது செம்பழுப்பாகி, இறுதியில் அயோடினின் சொந்த மஞ்சள் நிறமே நிற்கும். சோதித்த துளியைப் பாத்திரத்தில் திரும்ப ஊற்றிவிட வேண்டாம்.

நொதிகளுக்கு அமிலத்தன்மையும் பொருந்த வேண்டும். ஊறலின் பிஹெச் 5.2 முதல் 5.6 வரை இருப்பது நல்லது. அந்த பிஹெச் அளவுகோலையே 1909இல் வேதியியலாளர் சோரன்சன் வகுத்தது, கோபன்ஹேகனில் பீர் நிறுவனம் ஒன்றின் ஆய்வகமான கார்ல்ஸ்பெர்க்கில்தான். அதே ஆய்வகத்தில் ஹான்சன் 1883இல் ஈஸ்ட்டைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்தார். போட்டி நிறுவனங்களுக்கும் அது கிடைத்தது. ஆய்வு முடிவுகளை மறைக்கக் கூடாது என்பதை நிறுவனர் யாகப்சன் கொள்கையாகவே வைத்திருந்தார். நம் நாட்டு உணவு நிறுவனங்களும் அடிப்படை ஆய்வுக்குப் பணம் ஒதுக்கி, முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செய்முறைக்கு வருவோம். 5 லிட்டர் பீருக்கு, பொடித்த மால்ட் 1.2 கிலோவைத் துணிப்பையில் கட்டி, 69 டிகிரிக்குச் சூடாக்கிய 7 லிட்டர் நீரில் இறக்கினால், தானியத்தின் குளிர்ச்சியால் சூடு 66க்கு வந்து நிற்கும். ஒரு மணி நேரம் மூடிவைத்துப் பையை எடுத்துவிட்டு, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ (கோல்டிங்ஸ் வகை) 10 கிராம் சேர்த்து இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பின்னர் விரைவாக 20 டிகிரிக்குக் குளிர்வித்து, கிருமிநீக்கம் செய்த கலத்தில் ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் சேர்த்து, வாயு வெளியேறும் அடைப்பானைப் பொருத்தி, இரண்டு வாரம் விட வேண்டும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சில நாட்கள் ஒரே அளவைக் காட்டிய பிறகுதான், லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைக்கலாம். அவசரப்பட்டால் அழுத்தம் தாங்காமல் பாட்டில் வெடிக்கும். வீட்டு பீரால் கண் போகும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை: மால்ட் நொதிப்பில் மெத்தனால் மிகமிகச் சிறிதளவே உண்டாகும், கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணம் பெரும்பாலும் அதில் கலக்கப்படும் தொழிற்சாலை மெத்தனால்.

கைப்பழக்கம் வந்தபின், ஒரே மால்ட்டை ஒரு முறை 63 டிகிரியிலும் மறுமுறை 69 டிகிரியிலும் ஊறவைத்துப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் ஒன்றுபோல் வைத்துக்கொண்டால், இரண்டாவதில் டெக்ஸ்ட்ரின் கூடுதலாக மிஞ்சுவதால் ஹைட்ரோமீட்டர் நொதிப்பின் முடிவில் உயர்ந்த அளவைக் காட்டும். அந்த பீர் நாவில் கனமாகவும் இருக்கும்.