பஸ்ஸர் வயரை வெட்டாதீர்கள்

ராமேஸ்வரத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு அதிகம் வரும் போன் இதுதான்: "அண்ணே, அலாரம் ரெண்டு மூணு தடவ கத்துச்சு, அப்புறம் தன்னால நின்னுருச்சு, இப்ப நல்லாத்தான் ஓடுது, என்னன்னு ஒரு எட்டு வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் படகு கரையில் கட்டிக் கிடக்கும், இன்ஜினை அரை மணி நேரம் ஓட்டினாலும் சத்தம் வராது. மறுநாள் மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போவார்கள், திரும்பக் கத்தும். மூன்றாவது தடவை எரிச்சலில் யாராவது பஸ்ஸர் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். அப்படி வயர் தொங்கிக்கொண்டிருக்கிற படகு எத்தனையோ பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்குகிறது. பாக் நீரிணையில் இன்ஜின் நின்றுபோனால் காற்றும் நீரோட்டமும் படகை எங்கே தள்ளிக்கொண்டு போகும், எந்த எல்லைக்கோட்டைத் தாண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடலில் மட்டும் வருகிற கோளாறைக் கரையில் தேடினால் கிடைக்காது. அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் டிரைவரிடம் உட்கார்ந்து பேசுவேன். கத்தும்போது எந்த லைட் எரிந்தது, ஆயிலா டெம்பரேச்சரா? ஆக்சிலேட்டர் எந்த அளவில் இருந்தது? கிளம்பி எவ்வளவு நேரம் கழித்து? அலை எந்தப் பக்கம் இருந்து அடித்தது? வலை இழுக்கும்போதா, சும்மா ஓடும்போதா? இதையெல்லாம் வீல் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்வேன். நாலு வரி எழுதி வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏனென்றால் அலாரம் ரொம்ப எளிமையான சமாச்சாரம். நம் படகுகளில் பெரும்பாலும் இரண்டு ஸ்விட்ச்தான். ஆயில் ஸ்விட்ச் இன்ஜின் நிற்கும்போது எர்த்தோடு, அதாவது இன்ஜின் பாடியோடு, சேர்ந்திருக்கும், ஆயில் அழுத்தம் ஏறியதும் விலகிக்கொள்ளும், அரை கிலோவை ஒட்டி அழுத்தம் இறங்கினால் மறுபடி சேர்ந்து பஸ்ஸரை அடிக்கும். டெம்பரேச்சர் ஸ்விட்ச் நேர்மாறு, சாதாரணமாக விலகியிருக்கும், தண்ணீர் 95 டிகிரியை ஒட்டிப் போனால் சேரும். ஆக இன்ஜினுக்கு உண்மையிலேயே ஆபத்து வந்தாலும் சத்தம் வரும், அந்த ஒற்றை வயர் தோல் உரிந்து இன்ஜின் பாடியில் உரசினாலும் அதே சத்தம்தான் வரும். காதால் கேட்டு "வயர் கோளாறுதான்" என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

போன வருஷம் வந்த ஒரு படகு. ஆறு சிலிண்டர் டீசல், முன்பு லாரியில் ஓடிய இன்ஜின். எதிர் அலையில் அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கும்போது மட்டும் ஆயில் லைட் மினுக்கி பஸ்ஸர் ஒரு நொடி கத்தும், அணியம் இறங்கினால் நின்றுவிடும். எனக்கு முன்னால் பார்த்தவர்கள் ஆயில் ஸ்விட்சை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். ஆட்டத்தில் வருகிறதே, வயர்தான் உரசுகிறது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தேன், ஆயில் மேல் கோட்டில் நிற்கிறது. வயரையும் முழுக்கத் தடவிப் பார்த்தாயிற்று, உரிந்த இடமே இல்லை.

சரி என்று ஸ்விட்ச் இருந்த துளையில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு, ஸ்விட்சோடு அழுத்தம் காட்டும் முள் கேஜையும் மாட்டிக்கொண்டு அவர்களோடு கடலுக்குப் போனேன். பாம்பனைத் தாண்டியதும் அலை கிடைத்தது. முள் மூன்றரை கிலோவில் நிற்கிறது, அணியம் ஏறுகிறது, முள் அப்படியே சரிந்து அடியைத் தொட்டுவிட்டு மேலே வருகிறது, அந்த இமைப்பொழுதில்தான் பஸ்ஸர். டிரைவர் தம்பி முகம் வெளுத்துவிட்டது. மூன்று மாதமாக அது பொய் சொல்கிறது என்று நினைத்திருந்தவர்.

கரைக்கு வந்து ஆயிலை முழுக்க இறக்கி அளந்தோம். 18 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 13 தான் வந்தது. லாரியில் இன்ஜின் மட்டமாக உட்காரும், படகில் புரொப்பல்லரைச் சுற்றும் சாப்டின் சாய்வுக்கு ஏற்ப பின்பக்கம் தாழ்ந்து உட்காரும். ஆயில் பின்னால் தேங்கும், டிப்ஸ்டிக்கும் பின்னால் இருந்ததால் எப்போதும் நிறைந்த மாதிரியே காட்டியிருக்கிறது. அணியம் தூக்கும்போது முன்பக்கம் இருந்த உறிஞ்சு குழாய் காற்றைக் குடித்திருக்கிறது. இன்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்த்தால் பேரிங் மேல்பூச்சு தேய்ந்து உள்ளே செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறது. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் கிராங்க் சாப்டு சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்திருக்கும். பேரிங்கை மாற்றி, 18 லிட்டரை அளந்து ஊற்றி, அந்தச் சாய்விலேயே டிப்ஸ்டிக்கில் அரத்தால் புதுக் கோடு போட்டுக் கொடுத்தேன். லாரி இன்ஜின் மாட்டிய படகு வைத்திருப்பவர்கள் இதை ஒரு தடவையாவது அளந்து பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

டெம்பரேச்சர் அலாரம் விட்டு விட்டு வந்தால் எனக்கு முதல் சந்தேகம் இன்ஜினைக் குளிரவைக்கக் கடல் தண்ணீர் இழுக்கும் வழிமேல்தான். பிளாஸ்டிக் பையோ கடல்தாழையோ வாயில் ஒட்டிக்கொள்ளும், சூடேறும், இன்ஜினை நிறுத்தியதும் இழுப்பு நின்று அது தானாக விழுந்துவிடும், மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாக இருக்கும். மீன்பிடித் தடைக்கால 61 நாளில் அடியில் பெயிண்ட் அடிக்கும்போது தண்ணீர் இழுக்கும் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள், ஜூன் 15 அன்று கிளம்பியதும் கத்துகிறது. வேகம் கூட்டினால் மட்டும் கத்துகிறது என்றால் தண்ணீர் பம்ப்பைத் திறந்து, உள்ளே சுற்றித் தண்ணீர் தள்ளும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் புது இம்பெல்லர் போட்டதோடு விட்டுவிடக் கூடாது, உடைந்த துண்டு மேலே குழாயில் எங்கோ உட்கார்ந்திருக்கும், அதையும் தேடி எடுக்க வேண்டும்.

வயர் கோளாறும் இல்லாமல் இல்லை. உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்து, தோலுக்குள்ளேயே மாவாகிவிடும். சந்தேகம் வந்தால் கரையில் வைத்து இரண்டு ஸ்விட்ச் முனையிலிருந்தும் வயரைக் கழற்றி, எங்கும் தொடாமல் பிடித்துக்கொண்டு சாவியைப் போடுங்கள். அப்போதும் கத்தினால் வயர் எங்கோ பாடியில் பட்டுக்கொண்டிருக்கிறது. நின்றுவிட்டால் ஸ்விட்ச் பக்கம் பாருங்கள், ஆனால் ஸ்விட்சைக் குற்றம் சொல்வதற்கு முன் கேஜ் போட்டு அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, ஸ்விட்ச் மரையில் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றுகிறார்கள். ஸ்விட்சுக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது. டேப் தடுத்துவிட்டால் அலாரம் வராது, ஆயில் சுத்தமாகப் போனாலும் வராது.

கடலில் கத்தினால்? ஆயில் லைட் என்றால் படகு ஆபத்தான இடத்தில் இல்லாதவரை உடனே நிறுத்துங்கள், ஐந்து நிமிஷம் கழித்து ஆயில் பாருங்கள். டெம்பரேச்சர் என்றால் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் தண்ணீர் விழும் குழாயை எட்டிப் பாருங்கள். தண்ணீர் வரவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். கொதிக்கிற தண்ணீர் டேங்க் மூடியில் கை வைக்காதீர்கள், முகமெல்லாம் வெந்துபோன ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

கிளம்பும் முன் தினமும் ஒரு வேலை: சாவியைப் போட்டு, ஸ்டார்ட் அடிக்காமல் மூன்று நொடி நில்லுங்கள். ஆயில் லைட் எரிய வேண்டும், பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தவில்லையென்றால் அன்றைக்குக் கயிற்றை அவிழ்க்காமல் எனக்கோ, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கோ போன் பண்ணுங்கள்.