'ஜி ஜி ஏ ஜி சி பி': இதில் ஸ எங்கே இருக்கிறது?

கீபோர்டு கற்றுக்கொள்ள வருபவர்களில் பலர் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தே வருகிறார்கள். போனில் ஒரு படம் வைத்திருப்பார்கள். அதில் 'ஜி ஜி ஏ ஜி சி பி' என்று எழுத்துகள் வரிசையாக இருக்கும். பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டின் முதல் வரி அது. கட்டைகள்மேல் ஸ்டிக்கர் ஒட்டி, எழுத்தைப் பார்த்து அழுத்தி, பாட்டையும் வாசித்துவிடுவார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: "இது என்ன கீ?" பெரும்பாலும் வரும் பதில், "ஜி. அதுலதானே ஆரம்பிக்குது!"

இல்லை, அது சி மேஜர். பாட்டு எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்பது வேறு, எந்தச் சுரத்தில் வந்து இளைப்பாறுகிறது என்பது வேறு. கடைசி வரி எஃப் எஃப் ஈ சி டி சி. கடைசி சி-யை வாசிக்காமல் டி-யோடு கையை எடுத்துப் பாருங்கள். படியில் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நிற்பது போல இருக்கும். சி-யை அழுத்தியதும் காது அடங்கிவிடும். அதுதான் இந்தப் பாட்டின் ஸ.

குழப்பத்தில் பாதி வார்த்தையால் வருவது. விரலால் அழுத்துவதையும் கீ என்கிறோம், பாட்டின் ஆதாரத்தையும் கீ என்கிறோம். தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? அழுத்துவதும் கட்டை, சுருதியும் கட்டை. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி, ஐந்தரை என்றால் ஜி-யை ஒட்டி வலப்பக்கம் உள்ள கறுப்பு.

ஆனால் நம்மிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது. சி, டி, ஈ என்பவை கட்டைமேல் ஆணி அடித்து மாட்டிய பெயர்கள், நகராது. ஸ ரி க ம அப்படியில்லை. ஸ-வை எந்தக் கட்டையில் வைத்தாலும் மற்றவை அதன் பின்னால் வந்துவிடும். அதனால் எழுத்து வரிசையோடு வருபவரிடம் முதலில் கீபோர்டை அணைக்கச் சொல்லிவிட்டு, அதே வரியை 'ப ப த ப ஸ நி' என்று வாயால் பாட வைப்பேன். சிலருக்கு இது பிடிக்காது. வாசிக்க வந்தவரைப் பாடச் சொன்னால் கூச்சம் வரத்தான் செய்யும்.

அப்புறம்தான் கணக்கு. ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வருவதற்குள், 7 வெள்ளை, 5 கறுப்பு, ஆக 12 கட்டைகள். ஈ-க்கும் எஃப்-புக்கும் நடுவில் கறுப்பு கிடையாது, பி-க்கும் அடுத்த சி-க்கும் நடுவிலும் கிடையாது. மேஜர் வரிசைக்கு, ஸ-விலிருந்து கறுப்பு வெள்ளை பாராமல் எண்ணி 2, 2, 1, 2, 2, 2, 1 என்று தாண்ட வேண்டும். கூட்டினால் 12, மேல் ஸ வந்துவிடும். சி-யிலிருந்து தாண்டினால் எல்லாமே வெள்ளையில் விழும். ஜி-யிலிருந்து தாண்டினால் எஃப்-புக்கு வலப்பக்கம் உள்ள எஃப் ஷார்ப் என்ற ஒரு கறுப்பு உண்டு, டி-யிலிருந்து என்றால் எஃப் ஷார்ப், சி ஷார்ப் என இரண்டு. சுரங்களை அசைத்துப் பாடும் கமகங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இதே ஏழு சுரங்கள்தான் கர்நாடக இசையின் தாய் ராகங்களில் 29-ஆவது மேளமான தீரசங்கராபரணம்.

எழுத்து வரிசையில் எனக்கு உள்ள பெரிய புகார் இங்கேதான். ஜி மேஜரில் அந்த முதல் வரி 'டி டி ஈ டி ஜி எஃப் ஷார்ப்' என்று இருக்க வேண்டும். ஒருவர் அனுப்ப, இன்னொருவர் பார்த்து எழுத, அந்த ஷார்ப் குறி எங்கோ உதிர்ந்துவிடுகிறது. ஒரு மாணவர் ஒரு வாரம் முழுக்க வெறும் எஃப்-பையே அழுத்திப் பழகிவிட்டு, "கீபோர்டுல ஏதோ ரிப்பேர் சார்" என்றார். காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, அவர்தான் காகிதத்தை நம்பிவிட்டார். உதிர்வது ஷார்ப் மட்டுமல்ல. மூன்றாவது வரியில் மூன்று ஜி அடுத்தடுத்து வரும், மூன்றாவது மேல் ஸ்தாயி ஜி. வெறும் எழுத்து அதைச் சொல்லாது. எதை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பதையும் சொல்லாது. தெரியாத பாட்டை இப்படிப் படித்து வாசிக்கவே முடியாது, ஏற்கெனவே காதில் இருக்கும் பாட்டுக்குத்தான் இது உதவும்.

எல்லாக் கட்டைகளின் ஒலியையும் மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். மேடையில் பாடுபவர் "அரைக் கட்டை இறக்குங்க" என்றால் நானும் அதைத்தான் தொடுவேன். கற்றுக்கொள்ளும் நாளில் தொட்டால் மட்டும் எந்தக் கட்டையை அழுத்தினால் எந்த ஒலி வரும் என்ற பழக்கமே கலைந்துபோகும்.

ரிப்பேர் என்று சொன்ன அந்த மாணவருக்கு, அடுத்து எஃப்-பை ஸ-வாக வைத்து அதே பாட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். சி சி டி சி எஃப் ஈ. முதல் மூன்று வரியும் வெள்ளையிலேயே ஓடியது, முகத்தில் ஒரே பெருமை. நான்காவது வரி 'ம ம க ஸ ரி ஸ'. ம-வுக்குப் பி-யை அழுத்தினார். கை நின்றது. என்னைப் பார்த்தார், நான் வாயைத் திறக்கவில்லை. எஃப்-பிலிருந்து 2, 2, 1 என்று விரலால் எண்ணி, பி-க்கு இடப்பக்கம் உள்ள கறுப்பில் வந்து நின்றார். அதன் பெயர் பி ஃபிளாட் என்பதை நான் அதற்குப் பிறகுதான் சொன்னேன்.